யாருடைய பூ? – குர்திஷ் கம்பளங்கள் பற்றிச் சில குறிப்புகள்

பழைய கம்பளம் ஒன்றுக்கு விலை ஏறுவதற்கு வயது மட்டும் போதாது. நெய்தவள் யாரென்று தெரியாமற் போகவேண்டும். அதில் படுத்தெழும்பியவர்கள் அந்த இடத்தைவிட்டுப் போயிருக்கவேண்டும். பாட்டி நெய்தது பேத்தியின் வீட்டில் கிடக்கும்வரை அது வெறும் விரிப்பு. அதில் தேநீர் சிந்தும், பிள்ளைகள் புரளும், நைந்துபோனால் கொட்டிலுக்குப் போகும். பேத்தி ஊரைவிட்டு ஓடி, கம்பளம் மூன்று நான்கு வியாபாரிகளின் கைமாறி, ஐரோப்பிய நகரமொன்றில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும்போதுதான் அதற்கு 'அரும்பொருள்' என்ற பெயர் கிடைக்கிறது. ஒருவருடைய இழப்பு இன்னொருவருடைய சேகரிப்பாகிறது. இதில் நியாயம் எது, அநியாயம் எது என்று யோசித்துப் பார்க்கவே இக்குறிப்புகள்.

குர்திஷ் கம்பளங்களை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ரொம்மன். ஒஸ்லோ நகரமத்தியிலிருந்து வெஸ்த்லி போகும் நிலக்கீழ் ரயிலில் ரொம்சோஸுக்கு அடுத்த தரிப்பிடம். 1974இல் இங்கு ரயில் வந்தது. பின்மார்க்கில் மீன் வெட்டிக் களைத்துத் தெற்கே இறங்கிய தமிழர்கள், ஈரானிலும் ஈராக்கிலும் துருக்கியிலும் இருந்து வந்த குர்தியர்கள், பாகிஸ்தானியர், சோமாலியர் என்று எல்லோருக்கும் ஒரே படிக்கட்டு, ஒரே உடுப்புத் தோய்க்கும் அறை. அயல்வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் காலில் முதலில் படுவது கம்பளம். எமது வீடுகளில் கிடப்பது பெரும்பாலும் இக்கியாவில் வாங்கியது, எந்திரம் நெய்த பாரசீகப் பூ. குர்தியர் வீடுகளிலும் அநேகமாக அதுதான். (ஓடி வருகிறவர் கம்பளத்தைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டா வருவார்?) ஆனால் எமது படிக்கட்டில் ஒரு வீட்டில் உண்மையான பழசு இரண்டு இருந்தன. சனந்தாஜ் பக்கத்துக் குடும்பம். அக்கம்பளங்களைப் பற்றிப் பின்னர் சொல்கிறோம்.

முதலில் பூக்கள். குர்திஷ் கம்பளங்களில் அதிகம் காணப்படும் பூவேலை ஒன்றுக்கு 'ஹெராத்தி' என்று பெயர். நடுவில் ஒரு வட்டப்பூ, அதைச் சுற்றி ஒரு சாய்சதுரம், சாய்சதுரத்தின் நான்கு பக்கமும் வளைந்த நான்கு நீண்ட இலைகள். இதுவே திரும்பத் திரும்ப வந்து தரை முழுவதையும் நிரப்பிவிடும். ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரத்தின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். ஈரானில் இதை 'மாஹி' என்கிறார்கள், அதாவது மீன். அந்த நான்கு இலைகளும் மீன்களாம். அந்த வீட்டு அம்மாவிடம் இது என்ன பூ என்று நாம் நோர்வேஜிய மொழியில் கேட்டபோது, பூவில்லை மீன் என்று அவர் சொல்லிச் சிரித்தார். பத்து வருடம் மீன் தொழிற்சாலையில் நின்ற எம்மவர் ஒருவருக்கு அந்தப் பதில் அவ்வளவாகப் பிடிக்கவில்லை!

'மினா கானி' என்று இன்னொன்று. பெரிய வட்டப்பூக்களும் சிறிய வெள்ளைப் பூக்களும் கொடியால் வலைபோல இணைக்கப்பட்டிருக்கும். குர்திஷ் கிராமங்களோடு நெருங்கிய தொடர்புடையது என்று கம்பளம் அறிந்தவர்கள் சொல்வார்கள். மூன்றாவது 'கொல் ஃபரங்'. கொத்துக் கொத்தாக ஐரோப்பிய ரோசாக்கள். ஃபரங் என்பதும் நாம் சொல்லும் 'பறங்கி' என்பதும் ஒரே சொல். ஆக, பறங்கிப் பூ. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் துணிகளிலும் பண்டங்களிலும் கண்ட ரோசாவை பிஜார், சென்னே நெசவாளர்கள் தமது தறியில் ஏற்றிக்கொண்டார்கள். சென்னேக் கம்பளங்களில் வரிசை வரிசையாக வரும் 'போத்தே' எமக்குப் புதிதல்ல. எமது சேலைக் கரைகளில் இருக்கும் மாங்காய்தான். காஷ்மீர்ச் சால்வைகளோடு ஊர் ஊராகப் போனது.

இந்தப் பூக்களில் எது தூய குர்திஷ் பூ? ஹெராத் ஒரு பக்கம், காஷ்மீர் ஒரு பக்கம், பறங்கி தேசம் ஒரு பக்கம். தூய்மையைத் தேடுபவருக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆனால் ஒரு கிராமத்துப் பெண் அந்த ரோசாவை முடிச்சுப் போடும்போது அது மாறிவிடுகிறது. அரச பட்டறைகளில் ஓவியர் கீறிய தாளைப் பார்த்து நெய்வார்கள். கிராமத்தில் அப்படிக் கிடையாது. மனதில் இருப்பதையோ, பக்கத்து வீட்டுக் கம்பளத்தில் கண்டதையோ நெய்வாள். அல்லது 'வாகிரே' என்னும் மாதிரித் துண்டு ஒன்று இருக்கும். ஒரு பூ, கரையின் ஒரு முழம், ஒரு மூலை ஆகியவை மட்டும் நெய்யப்பட்ட சிறிய கம்பளம். அதைப் பார்த்து முழுவதையும் விரித்துக்கொள்வாள். கொடியின் வளைவு அவள் கையில் படிப்படியாக உடைந்து கோணலாகும். ரோசா எட்டு மூலைப் பூவாகும். நெசவுத் துறையினர் இதைச் சில சமயம் குறையாகச் சொல்வார்கள். எமக்கு அப்படித் தோன்றவில்லை. இரவல் வாங்கிய பூ சொந்தமாவது அந்தக் கோணலில்தான். (இந்தப் பூ வளத்தைக் குறிக்கும், அந்தப் பூ நித்தியத்தைக் குறிக்கும் என்று கடைக்காரர் சொல்லும் விளக்கங்களை நாம் அதிகம் நம்புவதில்லை. விலைச் சீட்டோடு வரும் தத்துவங்கள் அவை.)

சிவப்பு நிறத்துக்கு மஞ்சிட்டி இனத்துச் செடியொன்றின் வேரை அவித்தார்கள். அதிலுள்ள நிறப்பொருள் அலிசரின். எமது பக்கத்துச் சாயவேரிலும் இருப்பது அதே அலிசரின்தான். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் டச்சுக்காரர் சாயவேரை அரச ஏகபோகமாக வைத்திருந்தார்கள். மணலில் குனிந்து அதைத் தோண்டுவது சில சாதியினர்மேல் சுமத்தப்பட்ட கட்டாய ஊழியம். அந்தச் சிவப்புத் துணியின் அழகைப் பேசியவர்கள் தோண்டிய கையைப் பேசவில்லை. 1868இல் ஜேர்மனியில் அலிசரினை ஆய்வுகூடத்திலேயே செய்யக் கண்டுபிடித்தபின் வேருக்குச் சந்தை போய்விட்டது. பழைய குர்திஷ் கம்பளத்தில் நீலப் பரப்பு திடீரென்று வேறொரு நீலமாக மாறுவதைப் பார்க்கலாம். ஒரு பானையில் தோய்த்த நூல் முடிந்துபோக, அடுத்த பானை கொஞ்சம் வெளிறியோ கறுத்தோ வந்திருக்கும். 'அப்ராஷ்' என்று இதற்குப் பெயர். இன்று சேகரிப்பாளர்கள் தேடுவது இதை. நூல் போதாமற் போன ஒரு வீட்டின் தட்டுப்பாடு, ஏலமண்டபத்தில் அழகாகிவிட்டது.

பெயர்களின் கதை இதைவிடக் கேவலம். கம்பள உலகில் 'சென்னே முடிச்சு' என்று ஒரு முடிச்சு உண்டு. சென்னே என்பது சனந்தாஜின் பழைய பெயர், குர்திஷ் நகரம். ஆனால் சென்னேயில் நெய்பவர்கள் அந்த முடிச்சைப் போடுவதில்லை! அவர்கள் போடுவது இரண்டு பாவு நூலையும் சமமாகச் சுற்றும் மற்ற முடிச்சு. அதற்குத் துருக்கி நகரமொன்றின் பெயர் வைத்திருக்கிறார்கள். குர்திஷ் மலைக் கிராமத்தில் நெய்யப்பட்டது ஹமதான் சந்தைக்குப் போனால் ஹமதான், மோசுல் சந்தைக்குப் போனால் மோசுல். ஒன்றுமே தெரியாவிட்டால் 'வடமேற்குப் பாரசீகம்'. சவூஜ் புலாக் என்ற ஊருக்கு ரேசா ஷா காலத்தில் மஹாபாத் என்று பெயர் மாற்றினார்கள். 1946இல் குர்தியர் அங்கே ஒரு குடியரசை அறிவித்தார்கள். அது அந்த வருடம் முடியும் வரைகூட நிலைக்கவில்லை. 1947 மார்ச்சில் அதன் தலைவர் காஸி முகமது அதே ஊரில் தூக்கிலிடப்பட்டார். கம்பளக் கடையில் மட்டும் 'சவூஜ் புலாக்' இன்றைக்கும் விலைபோகிறது. மஹாபாத் குடியரசைப் பற்றி நூல் எழுதிய அமெரிக்க இராஜதந்திரி வில்லியம் ஈகிள்ரன் 1988இல் குர்திஷ் கம்பளங்களுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார்.  அதே 1988இல்தான் ஹலப்ஜாவில் நச்சுவாயு வீசப்பட்டது.

ஒவ்வொரு படிவத்திலும் 'ஸ்ரீலங்கர்' என்று எழுதப்பட்டவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இனி அந்தக் கம்பளங்களைப் பற்றி. சில வருடங்களுக்கு முன் அந்த வீட்டு அம்மா எம்மிடம் வந்து, சிறிய கம்பளத்தை விற்கப்போவதாகவும் கடைக்குக் கொடுப்பதிலும் பார்க்கத் தெரிந்தவர்களுக்குக் கொடுக்க விருப்பம் என்றும் சொன்னார். தம்பியின் பயணம் இடைவழியில் நின்றுவிட்டதாம், காசு அனுப்ப வேண்டுமாம். எமக்கு அவர் முழுவதும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஏஜென்சிக்காரனுக்குக் கொடுக்கத் தாலிக்கொடியும் காணி உறுதியும் அடகுக்குப் போன வீடுகளிலிருந்துதான் நாமும் வந்தோம். அவர் கேட்ட விலையை நாம் பேரம்பேசாமல் கொடுத்தோம். பேரம்பேசாதது பெரிய தர்மம் ஒன்றுமல்ல. ஆனால் அன்றிரவே வீட்டில் வாதம் தொடங்கிவிட்டது.

விற்றவர் சம்மதித்துத்தானே விற்றார், பிறகென்ன என்றது ஒரு பக்கம். சம்மதம் என்ற சொல்லை அகதி ஒருவர் இவ்வளவு இலகுவாகப் பாவிக்கக்கூடாது. நாளைக்குக் காசு போகாவிட்டால் தம்பி எல்லையில் பிடிபடுவான் என்ற நிலையில் கொடுக்கப்படும் சம்மதமும், சும்மா இருந்து யோசித்துக் கொடுக்கப்படும் சம்மதமும் ஒன்றல்ல. ஆனாலும் வாங்காமல் விட்டிருந்தால்? கை சுத்தமாக இருந்திருக்கும், காசு போயிருக்காது. எமது சுத்தத்துக்கு விலை அவருடைய தம்பி. ஆக, வாங்கியது சரி என்றே இப்பவும் நினைக்கிறோம். வாங்கியதோடு கணக்கு முடிந்ததா என்பதுதான் பிரச்சினை.

இன்னொரு வாதம் நூதனசாலைக்காரரும் சேகரிப்பாளரும் சொல்வது: நாங்கள் வாங்கியபடியால்தான் அது பிழைத்தது. இதை ஏளனம் செய்துவிட்டுப் போகமுடியாது. 1988இன் அன்ஃபால் நடவடிக்கையில் ஆகக்குறைந்தது ஐம்பதினாயிரம் குர்தியர், ஒருவேளை ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதாக மனித உரிமைக் கண்காணிப்பகம் கணக்கிட்டது. கிராமங்களை எரித்துப் புல்டோசரால் தட்டினார்கள். ஆடு போனது, தறி போனது, நெய்யத் தெரிந்தவளும் போனாள். அந்த ஊர்களின் கம்பளங்களில் வெளியே போனவைதான் எஞ்சின என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் தப்பியதற்கும் சொந்தமானதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நெருப்பிலிருந்து அயலவன் பிள்ளையைத் தூக்கிவந்தவர், பிள்ளை இனி எனது என்று சொல்லமாட்டார்.

அப்படியானால் திருப்பிக் கொடுக்கவேண்டுமா? யாருக்கு? நெய்தவள் இறந்து நூறு வருடம். ஊர் இல்லை. குர்திஸ்தான் என்று ஒரு தனி அரசும் இல்லை. தெஹ்ரானுக்கோ அங்காராவுக்கோ அனுப்பினால் அது திருப்பிக் கொடுத்ததாகுமா? ஈராக்கியக் குர்திஸ்தானின் தலைநகர் ஏர்பிலில், பழைய கோட்டைக்குள், 2004இல் குர்திஷ் நெசவுப் பொருட்களுக்கென்று ஒரு நூதனசாலை திறந்தார்கள். நல்ல காரியம். கோட்டைக்குள் அப்போது வாழ்ந்தவர்களில் அதிகமானோர் கிராமங்களிலிருந்து துரத்தப்பட்டு வந்த ஏழைகள். திருத்தவேலைக்கென்று 2007இல் எண்ணூறுக்கு மேற்பட்ட அந்தக் குடும்பங்களை இழப்பீடு கொடுத்து வெளியேற்றினார்கள். ஆயிரக்கணக்கான வருடங்களாக இடைவிடாது மக்கள் வாழ்ந்த இடம் என்ற பெருமை அறுந்துபோகக் கூடாதென்று ஒரேயொரு குடும்பத்தை மட்டும் உள்ளே விட்டுவைத்தார்கள். 2014இல் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கம்பளம் வீடு திரும்பியபோது விரிப்பதற்கு வீட்டில் ஆளில்லை!

குர்தியர் துரத்தப்பட்டது இருபதாம் நூற்றாண்டில் மட்டுமல்ல. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷா அப்பாஸ், உஸ்பெக்கியரிடமிருந்து எல்லையைக் காப்பதற்காகக் குர்திஷ் குடிகளைப் பெயர்த்துக்கொண்டுபோய் ஈரானின் மறுகோடியில், கொராசானில் குடியேற்றினார். குச்சான், போஜ்னூர்த் பக்கத்தில் அவர்களுடைய சந்ததியினர் இன்றும் குர்மாஞ்சி பேசுகிறார்கள். அவர்களது பழைய கம்பளங்களில் பூவெல்லாம் மாறிவிட்டது. அயலிலிருந்த துர்க்மேனியரின் எண்கோணங்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. முடிச்சு மட்டும் பழைய முடிச்சு. பிள்ளைகள் வாயில் தமிழோடு நோர்வேஜியம் கலக்கிறதென்று கவலைப்படும் ரொம்மன் பெற்றோர் இந்தக் கம்பளங்களை ஒருமுறை பார்க்கலாம். அந்த முடிச்சும்கூடக் குர்தியருக்கு மட்டும் சொந்தமானதல்ல. நோர்வேஜிய மீனவர்கள் படகில் போர்த்துப் படுத்த 'ரியே' என்னும் கம்பளிப் போர்வையிலும் இருப்பது அதே முடிச்சுத்தான்.

வாதம் நீண்டபோது எம்மில் வயதான ஒருவர் சொன்னது எமக்குச் சரியாகப் பட்டது. விலைக்கு வாங்கியதாக நினையாதே, ஒற்றிக்கு எடுத்ததாக நினை என்றார் அவர். ஒற்றி என்பது யாழ்ப்பாணத்தவருக்குத் தெரிந்த வழக்கம். 1707இல் டச்சுக்காரர் எழுத்தில் தொகுத்த தேசவழமையிலும் அது உண்டு. காசு கொடுத்தவர் வட்டி கேட்கமாட்டார். காணியை வைத்திருந்து பலனை எடுப்பார், மா காய்த்தால் மாங்காய் அவருக்கு. காணி அவருடையதல்ல. சொந்தக்காரர் காசோடு வந்து நிற்கும் நாளில் மீட்டுக்கொள்வார். அனுபவிக்கலாம், ஆனால் மரத்தைத் தறிக்கக்கூடாது. இடம்பெயர்ந்தவரின் பொருள் எமது கையில் இருக்கும்போது எமக்குள்ள உரிமை இவ்வளவுதான் என்று நினைக்கிறோம். பூவை ரசிக்கலாம். அது யாரிடமிருந்து, எப்போது, என்ன நெருக்கடியில் வந்தது என்பதை மறக்கக்கூடாது. மீட்க வந்தால் மறுக்கக்கூடாது. ஒற்றி தலைமுறை தலைமுறையாக இழுபட்டுச் சொத்தாகவே மாறிவிட்ட கதைகளும் ஊரில் நிறைய உண்டு, அது தெரியாமல் சொல்லவில்லை. அதனால்தான் ஒற்றிக்கு உறுதி எழுதினார்கள்.

இந்த அளவுகோலைக் குர்தியர் கம்பளத்துக்கு வைத்துவிட்டு எமது ஊருக்கு வைக்காமல் விடுவது எப்படி? 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் அது ஒக்ரோபர் 30. சோனகதெரு மக்களுக்கு இரண்டு மணிநேர அவகாசம். கையில் சிறு தொகையும் மாற்றுடுப்பும்தான். தையல் மெசினும் நகையும் கடைச் சாமானும் பறிக்கப்பட்டன, எஞ்சியவை விட்டுச்செல்லப்பட்டன. அந்தப் பொருட்கள் காற்றில் கரையவில்லை. அவை எங்கோ விலைபோயின, எவருடைய வீட்டிலோ பாவனைக்கு வந்தன. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்ரோபர் 30இல், வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தது. திரும்பிப் போனவர்கள் பலர் கண்டது கதவு நிலையும் யன்னலும் கழற்றப்பட்ட வீடுகளை. எமது அம்மம்மாவின் வெண்கலக் குத்துவிளக்கு கொழும்பிலோ இலண்டனிலோ எந்த வரவேற்பறையில் நிற்கிறதோ என்று நாம் பெருமூச்சு விடுகிறோம். நியாயமான பெருமூச்சு. ஆனால் புத்தளத்து முகாமில் இருந்து அதே பெருமூச்சை விட்ட ஒரு பெண்ணின் தையல் மெசின் எமது அயலில் யாருக்குச் சட்டை தைத்தது என்று கேட்கும் தமிழ் எழுத்து மிகக் குறைவு. அங்கே ஒற்றியும் இல்லை, விலையும் இல்லை, உறுதியும் இல்லை.

குர்தியரின் துயரம் எமக்கு இலகுவாக விளங்குகிறது. அதில் எமது கை படவில்லை, அதனால் அழுவதற்கு வசதியாக இருக்கிறது. சோனகதெருவின் துயரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் உடனே 'அந்தக் காலத்துச் சூழ்நிலை' என்று ஒரு வாசகம் வருகிறது. 2002இன் சமாதான காலத்திலும் 2009இன் பின்னரும் அந்த மக்களில் ஒரு பகுதியினர் திரும்பிவந்து, இடிந்த சுவர்களுக்கு நடுவில் தமது அறை எதுவென்று தேடியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எமது படலையைத் தட்டி, உள்ளே நிற்கும் அலுமாரியைக் காட்டி இது எங்கள் வீட்டில் நின்றது என்று சொன்னால், அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க நாம் விடுவோமா? கம்பளம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது பின்பக்கத்தைத்தான். முன்னால் பூ மட்டும் தெரியும். எந்த ஊர், எந்தக் கை, எங்கே அறுந்து எங்கே பொருத்தியது என்பதெல்லாம் பின்னால் இருக்கிறது.

சிறிய கம்பளம் இப்போதும் எமது வீட்டில்தான் கிடக்கிறது. பின்பக்கத்தில் ஒரு துணித்துண்டில் அந்த அம்மாவின் பாட்டியின் பெயரும், ஊரும், நாம் கொடுத்த தொகையும், திகதியும் எழுதித் தைத்திருக்கிறோம். தம்பி வந்து சேர்ந்துவிட்டார், வேறு நகரத்தில் இருக்கிறார். மீட்கும் பேச்சை அம்மா இன்னும் எடுக்கவில்லை. நாமும் நினைவுபடுத்தி அவரைச் சங்கடப்படுத்தவில்லை. போன கோடையில் தேநீருக்கு வந்தவர் கம்பளத்தை ஒருதரம் பார்த்தார். யன்னல் பக்கத்து மீன்கள் வெயிலில் வெளிறுகின்றன, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைமாற்றிப் போடவேண்டும் என்றார். அவர் இருக்கும்போதே கதிரைகளைத் தூக்கி வைத்துவிட்டுத் தலைமாற்றிப் போட்டோம்.